இரண்டு அங்குல நீலம்

என் மொட்டை மாடியை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் முடிவு செய்தது ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் உண்டு. அப்போதுதான் என் காப்பியில் ஒரு சொட்டு விழுந்தது. மேலிருந்து.

"விழுந்துச்சுங்களா?" சமையலறையிலிருந்து மருதாம்பாள் கேட்டாள்.

"எது?"

"சொட்டு."

"இல்லியே."

"டம்ளர்ல டொப்புன்னு சத்தம் கேட்டுச்சே?"

"அது நான் உறிஞ்சுன சத்தம்."

"உறிஞ்சுனா சர்ருன்னு கேக்கும். டொப்புன்னா சொட்டு. இருவத்திரண்டு வருசமாக் கேக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?"

நான் மீதிக் காப்பியைக் குடித்தேன். கொஞ்சம் சிமெண்ட் வாசனை அடித்தது.

மருதாம்பாள் என் மனைவி. என் பெயர் நவநீதன். அருவங்காட்டுத் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மேசைக்கு வந்த பொருள்களை அளப்பேன், தட்டுவேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பிறகு 'தேறியது' அல்லது 'தேறவில்லை' என்று முத்திரை குத்துவேன். ஓய்வு பெற்ற அன்று முத்திரையை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது.

எங்கள் வீடு கோத்தகிரியில். வரிசையில் பதினேழு வீடுகள். வரிசை என்றதும் பக்கத்தில் பக்கத்தில் என்று நினைத்துவிடக் கூடாது. மலைச்சரிவில் ஒன்றுக்குக் கீழே ஒன்று. உச்சியில் எங்கள் வீடு. எங்கள் வாசலுக்கு நேர் கீழே அடுத்த வீட்டுக் கூரை, அதன் வாசலுக்குக் கீழே அதற்கடுத்த வீட்டுக் கூரை, இப்படியே தேயிலைத் தோட்டம் வரை இறங்கும். பதினாறு வீடுகளுக்குச் சாய்வான ஷீட் கூரை. எல்லா வீடுகளும் தொப்பி போட்டிருக்க, என் வீட்டுக்கு மட்டும் மொட்டைத் தலை. எனக்கும்தான்.

வீடு கட்டியபோதே கொத்தனார் சொன்னார்: "சார், மலைக்கு ஷீட்டுத்தான் சரிப்படும்." நான் கேட்கவில்லை. நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரன். எங்கள் பக்கம் மாடியில்லாத வீட்டை வீடு என்று யாரும் மதிப்பதில்லை. வற்றல் காய, காற்று வாங்க, பக்கத்து வீட்டுச் சண்டை கேட்க, எல்லாவற்றுக்கும் மாடி வேண்டும். ஆனால் கோபியில் மழை வந்துவிட்டுப் போகும். கோத்தகிரியில் மழை வந்தால் தங்கிவிடும். இது குடிவந்த முதல் ஐப்பசியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஏழு இடங்களில் ஒழுகுகிறது. ஏழுக்கும் எண் கொடுத்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றாம் எண், சாமி அலமாரிக்கு மேல். இரண்டு, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில். நான்கு, கட்டிலில் மருதாம்பாளின் தலையணைக்கு நேர் மேல். ஒவ்வொன்றுக்கும் கீழே வைக்க வேண்டிய பாத்திரத்தையும், எங்கள் பேச்சில் போசி, குறித்திருக்கிறேன். மழை வந்தால் நான் நோட்டைப் பார்த்து எண் சொல்வேன். அவள் போசியைக் கொண்டுபோய் வைப்பாள், நிறைந்ததும் கொட்டிவிட்டு வருவாள். இந்த வேலைப் பங்கீட்டில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஒழுகினாலும் அந்த மாடி எனக்கு வேண்டும். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

மலையில் வெயில் அருமையான பொருள். காலை பத்தரை மணிக்கு எங்கள் மாடிக்கு வரும். பன்னிரண்டரைக்குப் பனிமூட்டம் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போய்விடும். இடைப்பட்ட இரண்டு மணி நேரம் என்னுடையது. மேலே எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ரேடியோ, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தகர டப்பா. டப்பாவில் வர்க்கி, ஊட்டிப் பக்கத்து மொறுமொறு ரொட்டி. எனக்குச் சர்க்கரை நோய். வர்க்கியை நான் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று மருதாம்பாளின் உத்தரவு. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவேன்.

மாடியில் ஒரே குறை, குரங்குகள். எட்டு வர்க்கி வைத்தால் மறுநாள் ஆறுதான் இருக்கும். எடுப்பது எப்போதும் இரண்டே இரண்டு. எடுத்த பிறகு மூடியை இறுக்கி மூடிவிட்டும் போகும். கோத்தகிரிக் குரங்குகள் கொஞ்சம் வளர்ப்பு நன்றாக உள்ளவை. இருந்தாலும் திருட்டு திருட்டுத்தானே? ஒரு கவண் வாங்கி வைத்து, ஆறு வருடமாகக் கண்ணில் பட்ட குரங்கையெல்லாம் விரட்டி வருகிறேன்.

மாடிக்குப் போக, வெளிச்சுவரில் இரும்பு ஏணி. பதினோரு படிகள். ஒன்பதாவது படி ஆடும். எட்டிலிருந்து நேராகப் பத்தில் காலை வைக்க வேண்டும். இந்த ரகசியம் எனக்கு மட்டும் தெரியும். மருதாம்பாளுக்கு முட்டி வலி. ஏணி ஏற மாட்டாள். பஸ் நிறுத்தத்துக்கு எழுபத்திரண்டு படிகளை நிற்காமல் ஏறுகிறாளே என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒருமுறை கேட்டேன். "அது கல்லுப்படிங்க. இது கம்பிப்படி" என்றாள். நான் மேற்கொண்டு ஆராயவில்லை. கிடைத்த வரத்தை யாரும் பரிசோதனைக்கு அனுப்புவதில்லை.

காப்பியில் சொட்டு விழுந்த அன்று மாலையே அவள் நெல்சனை வரவழைத்துவிட்டாள். நெல்சனுக்கு ஊர் கீழ்க்கோத்தகிரி. ஷீட் கூரை போடுவதில் இந்தப் பக்கம் அவருக்குப் பெயர் உண்டு. ஏணியில் ஏறி, தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நான் முப்பத்து மூன்று வருடம் தட்டியவன். அந்தச் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை.

"தளம் ஊறிப்போச்சு சார்" என்றார் இறங்கி வந்து. "மேல்பூச்சு மொத்தமும் விட்டுப்போச்சு. ஒட்டுப் போட்டா ஒரு மழை தாங்கும். அதுமேலயே இரும்புச் சட்டம் அடிச்சு, சாய்வா ஷீட் போட்டுருங்க. உங்க காலத்துக்கும் கவலையில்ல."

"என் காலம் எவ்வளவுன்னு அளந்துட்டீங்களா?"

"ஷீட்டுக்கு இருபது வருஷம் வரும் சார். அதச் சொன்னேன்."

"மேல நாற்காலி போட்டு உக்கார முடியுமா?"

"நடுவுல, கொஞ்சம் குனிஞ்ச மாதிரி உக்காரலாம் சார். வெயில்தான் வராது."

"வெயில் வராத மாடி எதுக்கு?"

"மழை வர்ற ஊடு எதுக்குன்னும் கேளுங்க" என்றாள் மருதாம்பாள்.

நெல்சன் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இருபது வருடம் தாங்குவது எது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அளவு நாடாவை அவளிடம் நீட்டி, ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்.

அவர் போன பிறகு நான் பேசினேன். தளம் என் தளம், என் கையாலேயே பழுது பார்ப்பேன், எந்த மழை வந்தாலும் ஒரு சொட்டு இறங்காது என்றேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"போன தடவை முறையாச் செய்யல."

"அதுக்கு முந்துன தடவை?"

"அப்ப சிமெண்ட் சரியில்ல."

"இருவத்திரண்டு வருசமா மழை பேஞ்சா நான் தூங்குனதில்லீங்க" என்றாள். கத்தி நிற்கவில்லை. "எல்லாரும் மழைச் சத்தத்துக்கு நல்லாத் தூக்கம் வரும்ங்கறாங்க. எனக்குப் போசி நெறையற சத்தம்தான் கேக்குது."

பதில் இல்லாதபோது நான் நோட்டை எடுப்பது வழக்கம். எடுத்து, ஓர் ஒப்பந்தம் எழுதினேன்.

மழைக்காலம் முடிந்ததும் நவநீதன் மாடியைப் பழுது பார்ப்பார். பிறகு வடிகுழாயை அடைத்து, மாடி முழுவதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தப்படும். நாற்பத்தெட்டு மணி நேரம். அதற்குள் கீழே ஒரு சொட்டு விழுந்தாலும் ஷீட். விழாவிட்டால் 'ஷீட்' என்ற சொல்லை இந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது.

"பனிக்காலத்துல சுவர்ல ஈரம் வேர்க்கும்" என்றேன். "அதக் காட்டி நீ ஒழுகுதுன்னு சொல்லீரக் கூடாது. அதனால தண்ணியில சொட்டு நீலம் கலப்பேன். நீலமா விழுந்தாத்தான் ஒழுகல்."

"வெள்ளையா விழுந்தா?"

"அது பனி. சேராது."

"அப்ப நீலமாத் தண்ணி வந்தா அது நம்ம மாடித் தண்ணிதான். வேற பேச்சில்ல. அப்படித்தானுங்களே?"

"அப்படித்தான்."

"அத எழுதிக்குங்க."

எழுதினேன். 'நீல நிறத் தண்ணீர் எங்கே காணப்பட்டாலும் அது மாடித் தண்ணீர் என்றே கொள்ளப்படும்.' நல்ல வாக்கியம். ஓட்டை இல்லாத வாக்கியம்.

"கடைசியா ஒண்ணு" என்றாள். "அந்தத் தண்ணி வீணாகக் கூடாது."

அதையும் எழுதினேன். அவள் வெண்டைக்காய் பிசுபிசுப்போடு கையெழுத்துப் போட்டாள். மருதாம்பாள் எதற்காவது உடனே சம்மதித்தால் நான் பயப்பட வேண்டும். பயப்படவில்லை. அது என் முதல் தவறு. இன்னும் இரண்டு இருக்கின்றன, வரும்போது சொல்கிறேன்.

தை பிறந்தது. வானம் துடைத்துவிட்டது போல ஆனது. நான் மாடியில் ஏறினேன். முதல் மூன்று நாள் இரும்புத் தேய்ப்பானால் பாசியைச் சுரண்டினேன். நான்காம் நாள் வெடிப்புகளை எண்ணினேன். நூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றையும் உளியால் அகலப்படுத்தி, தண்ணீர் புகாத மருந்து கலந்த சாந்தை அடைத்தேன். காய்ந்த பிறகு ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகு இன்னொன்று. மருதாம்பாள் கயிற்றில் தூக்குப்போசியைக் கட்டுவாள். நான் மேலே இழுத்து டீ குடிப்பேன். பதினோராம் நாள் என் இடுப்பு நேராக மறுத்துவிட்டது. ஏணியில் இறங்கி, வளைந்தபடியே வீட்டுக்குள் போனேன்.

"நமஸ்காரமெல்லாம் எதுக்குங்க?" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சோதனை தொடங்கியது. மாடி இருபத்தைந்துக்கு இருபது அடி. இரண்டு அங்குலம் என்றால் இரண்டாயிரத்து முந்நூற்று அறுபது லிட்டர். தை மாதத்தில் எங்கள் பக்கம் குழாயில் ஐந்து நாளுக்கு ஒரு தடவைதான் தண்ணீர் எட்டிப்பார்க்கும். ஆகவே ஊற்றுத் தண்ணீர் கொண்டுவரும் வண்டியைக் கூப்பிட்டேன். மூன்று நடை. வடிகுழாயைச் சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்தேன். பன்னிரண்டு புட்டி சொட்டு நீலம் ஊற்றி, துடைப்பத்தால் கலக்கினேன். காலை எட்டு மணிக்கு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன். சரியாக இரண்டு அங்குலம். என் மாடியில் ஒரு சின்னக் கடல்.

கீழ்வீட்டு ஜெஸிந்தா டீச்சர் வாசலில் காலிக் குடங்களோடு நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்னங்கண்ணா, நீச்சல் குளமுங்களா?"

"சோதனை, டீச்சர்."

"எங்களுக்குத்தான் சோதனை. துணி தொவைச்சு எட்டு நாளாச்சு. நீங்க மாடியக் குளிப்பாட்டிட்டு இருக்கறீங்க."

வீட்டுக்குள் மருதாம்பாள் ஏழு இடங்களிலும் ஏழு போசி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் துணியை விரித்திருந்தாள்.

"துணி எதுக்கு?"

"நீலம் தெரியோணுமில்லீங்களா."

செவ்வாய் முழுவதும் ஒன்றும் விழவில்லை. நான் ஒரு மணிக்கு ஒரு தடவை ஏழு போசிகளையும் பார்த்து, நோட்டில் 'இல்லை' என்று எழுதினேன். புதன் காலையும் இல்லை. மதியமும் இல்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மூன்று மணிக்கு மருதாம்பாள் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"மகளிர் குழுக் கூட்டமுங்க. அஞ்சு மணிக்கு வந்துருவேன். போசியப் பார்த்துக்குங்க."

"நிதானமா வா" என்றேன். கூட்டம் எங்கே என்று கேட்கவில்லை. அது இரண்டாவது தவறு.

மூன்று இருபதுக்கு நான்காம் எண்ணில் சொட்டு விழுந்தது.

சிறியதுதான். வெள்ளைத் துணியின் நடுவில் உளுந்தளவு வட்டம். என் மாடியிலிருந்து விழுந்திராவிட்டால் அழகான நீலம் என்று பாராட்டியிருப்பேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு நிமிடம் கழித்து இன்னொன்று.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். முப்பத்தொரு மணி நேரம் தாங்கிய தளம், இன்னும் பதினேழு மணி நேரம் தாங்கக் கூடாதா? நூற்றுப் பதினான்கு வெடிப்பு. பதினோரு நாள். இடுப்பு. என் நாற்காலி. என் பத்தரை மணி வெயில். தொட்டிக்குப் பின்னால் டப்பா.

முப்பத்து மூன்று வருடத்தில் நான் ஒரு பொய் முத்திரை குத்தியதில்லை. அந்தக் கணக்கை அன்று முடித்துக்கொண்டேன்.

என் யோசனை எளிமையானது. சொட்டுவது தண்ணீர் இருப்பதால். தண்ணீர் இல்லாவிட்டால் சொட்டாது. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஏணி ஏற வேண்டும். அவள் ஏற மாட்டாள்.

கறை பட்ட துணியை எடுத்துவிட்டு என் கைக்குட்டையை விரித்தேன். ஏணியில் ஏறினேன். எட்டு, பத்து, பதினொன்று. சாக்கைப் பிடித்து இழுத்தேன். கடல் ஒரு பெருமூச்சு விட்டு வடிகுழாய்க்குள் இறங்கியது. ஐம்பது நிமிடத்தில் மாடி காலி. நாலரைக்குக் கீழே இறங்கி, போசிகளைப் பார்த்து, நோட்டில் 'இல்லை' என்று எழுதினேன். அந்த வரி மட்டும் கொஞ்சம் கோணியிருந்தது.

ஐந்தே காலுக்கு மருதாம்பாள் வந்தாள். இடுப்பில் ஒரு நிறைகுடம்.

"ஏது தண்ணி?"

"ஜெஸிந்தா ஊட்ல வந்துச்சுங்க."

"இன்னிக்குத் தண்ணி வர்ற நாளில்லியே?"

"இல்லதானுங்க. திடீர்னு வந்துச்சு. ஒரு மணி நேரம் நல்லா வந்துச்சு. குழுவுல பன்னண்டு பேருக்கும் கெடைச்சுது."

"நல்லதாப் போச்சு" என்றேன். உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அவள் குடத்தைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனாள்.

திரும்பி வந்து, ஏழு போசிகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். நான்காம் எண்ணில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

"ஒண்ணும் விழுகலீங்களா?"

"ஒண்ணும் விழுகல."

"மேல தண்ணி அப்படியே நிக்குதுங்களா?"

"ரெண்டு அங்குலம். இப்பத்தான் ஸ்கேல் வச்சுப் பார்த்தேன்."

"நீலமாவே இருக்குதுங்களா?"

"நீலமாத்தான் இருக்குது."

"அலை அடிக்குதுங்களா?"

"காத்துக்கு லேசா."

"பார்க்கக் குடுத்து வைக்கல எனக்கு" என்று முட்டியைத் தடவிக்கொண்டாள். "சரி, நோட்டுல எழுதீருங்க. நேரம் போட்டு."

எழுதினேன். ஆறு மணிக்கு, "ஒருக்காப் போய்ப் பார்த்துட்டு வந்துருங்களே" என்றாள். ஏறினேன். குளிரில், காய்ந்த தரையில், ஐந்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு இறங்கி வந்து 'இரண்டு அங்குலம்' என்று எழுதினேன். ஆறரைக்கு மறுபடியும். ஏழு மணிக்கு மறுபடியும். காற்று சுழன்று அடித்தது. பல் கிட்டியது. ஏணியில் ஏறி இறங்கியே என் இடுப்பு மறுபடி வளைந்துவிட்டது.

"போதுமா?" என்றேன்.

"போதும்னு நீங்கதான் சொல்லோணும்" என்றாள்.

வியாழன் காலை எட்டு மணி. நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்தது. ஏழு போசிகளும் காய்ந்து கிடந்தன. நோட்டில் பெரிய எழுத்தில் 'தேறியது' என்று எழுதி, கீழே கோடு போட்டேன்.

"ஜெயிச்சுட்டீங்க" என்றாள் மருதாம்பாள். காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரைகூடப் போட்டுக் கொடுத்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவை. நான் அதைப் பரிசு என்று நினைத்தேன்.

பத்தரை மணிக்கு ரேடியோவோடு மாடிக்குப் போனேன். வெயில் வந்திருந்தது. நாற்காலியை அதன் இடத்தில் போட்டு, கால்களை நீட்டி, என் ராஜ்ஜியத்தைப் பார்த்தேன். பிறகு எழுந்து, கைப்பிடிச் சுவருக்கு அப்பால் சரிவைப் பார்த்தேன்.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வானத்தில் ஒரு துண்டு கழன்று சரிவில் விழுந்துவிட்டதோ என்று தோன்றியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

துணிகள். ஜெஸிந்தா டீச்சர் வீட்டுக் கொடியில் ஆறு பள்ளிக்கூடச் சட்டைகள். அதற்குக் கீழ் தபித்தாள் வீட்டில் நான்கு படுக்கை விரிப்புகள். அதற்கும் கீழ் அஞ்சலை வீட்டில் தலையணை உறைகள், துண்டுகள், ஒரு கொசுவலை. வீடு வீடாக, கொடி கொடியாக, தேயிலைத் தோட்டம் வரை அத்தனையும் வெள்ளைத் துணிகள். அத்தனையும் நீலம். சாதாரண நீலம் இல்லை. பன்னிரண்டு புட்டி நீலம்.

கோபியில் மாடித் தண்ணீரைத் திறந்துவிட்டால் தெருவுக்குப் போகும், வாய்க்காலுக்குப் போகும், கண்ணுக்கு மறைந்துவிடும். மலையில் மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். இருபத்திரண்டு வருடம் இந்தச் சரிவில் குடியிருந்தும் இழுத்த சாக்கோடு நான் கோபிக்காரனாகவே நின்றிருக்கிறேன். அது மூன்றாவது தவறு.

ஜெஸிந்தா டீச்சர் கீழேயிருந்து கை அசைத்தார்.

"ரொம்ப நன்றிங்கண்ணா! நேத்து எங்க வாசல்லதான் கூட்டம். எட்டு நாளா சேர்ந்த துணியெல்லாம் வெளுத்தாச்சு. நீலம் மட்டும் ஒரு சொட்டு தூக்கல்!"

நான் பார்வையை எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு இறக்கினேன். அங்கே கொடியில் என் எட்டு வேட்டிகள், ஆறு பனியன்கள். மருதாம்பாள் ஏழாவது பனியனை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். மயில் கழுத்து நிறம்.

ஏணியில் இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"எத்தனை மணிக்குத் தெரியும்?"

"மூணு நாப்பதுக்கு வந்துச்சுங்க, ஜெஸிந்தா ஊட்டு வாசலுக்கு. நீலமா."

"நம்ம மாடித் தண்ணிதான்னு எப்படி..." என்று தொடங்கினேன். ஒப்பந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"வீணாகக் கூடாதுன்னும் எழுதியிருந்தீங்களே. அதான் எல்லாரையும் குடம் எடுத்துட்டு வரச் சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு நேத்து என்னைய அத்தனை தடவை ஏணி ஏத்துனே?"

அவள் கொடியில் ஒரு கவ்வியைக் குத்தினாள். "ஏதாச்சும் ஒரு தடவை எறங்கி வந்து, 'மருதா, தண்ணி இல்ல'ன்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேனுங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். இருபத்திரண்டு வருடம் மழை பெய்தபோதெல்லாம் போசி நிறைவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவளின் குரல் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

நான் உள்ளே போய் நோட்டை எடுத்தேன். 'தேறியது' என்பதை அடித்துவிட்டு 'தேறவில்லை' என்று எழுதினேன். மாடிக்கா எனக்கா என்று குறிப்பிடவில்லை. பிறகு நெல்சனுக்குப் போன் செய்தேன்.

"வாங்க நெல்சன்."

"அக்கா திங்கட்கிழமைன்னு சொல்லிட்டாங்க சார்" என்றார் அவர். "நேத்து சாயங்காலமே."

மாசியில் வேலை நடந்தது. நெல்சனும் இன்னும் இருவரும் ஊறிப்போன பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். என் நூற்றுப் பதினான்கு ஒட்டுகளும் சாக்கில் அள்ளப்பட்டுச் சரிவில் இறங்கின. சட்டம் ஏறியது. பச்சை நிற ஷீட் ஏறியது. என் நாற்காலியும் ரேடியோவும் வாசலுக்கு வந்தன. டப்பா மட்டும் வரவில்லை. தொட்டிக்குப் பின்னால் தேடினேன், காணோம். யாரிடமும் கேட்க முடியாத பொருள். மனதுக்குள் குரங்குகளைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்தேன்.

கடைசி நாள் மதியம், காலம் தப்பி ஒரு மழை வந்தது. நெல்சன் ஓடி வந்து எங்கள் கூடத்தில் ஒதுங்கினார். ஷீட்டின் மேல் ஆயிரம் பேர் கைதட்டுவது போலச் சத்தம். பழக்கதோஷத்தில் நான் நோட்டை எடுத்து, "ஒண்ணு!" என்றேன். பதில் இல்லை. "ரெண்டு! நாலு!" என்றேன். போசி எடுக்கும் சத்தமே கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன்.

மருதாம்பாள் கட்டிலில், நான்காம் எண்ணுக்கு நேர் கீழே, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்துக்கு மேல் குறட்டை கேட்டது.

நோட்டை மூடிவிட்டு வந்தேன். நானும் நெல்சனும் ஒரு மணி நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாடி போனது போனதுதான். ஆனால் அன்று அதற்காக வருத்தப்பட எனக்கு மனம் வரவில்லை.

மழை விட்டதும் அவள் எழுந்து டீ போட்டாள். நெல்சன் சாமான்களைக் கட்டினார்.

"அக்கா, இனி மேல யாரும் ஏறப்போறதில்ல. அந்த ஏணிய எடுத்துட்டுப் போயிரட்டுங்களா?"

"வேண்டாந்தம்பி, இருக்கட்டும். ஒம்பதாவது படி ஆடும். அத மட்டும் முடுக்கி உட்டுட்டுப் போங்க."

நான் அவள் முட்டியைப் பார்த்தேன். அவள் பார்க்காதது போல அலமாரியின் மேல் தட்டை எட்டி, ஒரு தகர டப்பாவை எடுத்தாள். திறந்து, நெல்சனுக்கு இரண்டே இரண்டு வர்க்கி எடுத்துக் கொடுத்தாள். பிறகு மூடியை வைத்து, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தி, இறுக்கி மூடினாள்.

கோத்தகிரிக் குரங்குகளுக்கு நான் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.